நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது: அப்பாவுக்கு வாயுதானா?

காசிமேட்டிலிருந்து ராயபுரம் ரயில் நிலையம் போவதற்குள் அப்பாவுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடுகிறது, சர்க்கரையும் பீடியும் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். தைலம் தேய்த்தது போதும். நடந்தால் வந்து நின்றால் போகும் வலி, பெரும்பாலும் ரத்தம் போதாத தசையின் வலி.

புகையாலும் சர்க்கரையாலும் ரத்தக்குழாயின் உட்சுவர் பழுதாகும்போது கெட்ட கொழுப்பு அதற்கடியில் நுழைகிறது. அதை விழுங்க வரும் வெள்ளணுக்களும் அங்கேயே தங்கிவிட, நாரும் சுண்ணாம்பும் சேர்ந்து தடித்துப் பாதை குறுகும். வருஷக்கணக்கில் வெளியே தெரியாது. உட்கார்ந்திருக்கும் காலுக்கு அந்த ரத்தம் போதும், நடக்கும் காலுக்குப் போதாது.

அவர் காலைப் பாருங்கள்: முடி உதிர்ந்து, தோல் பளபளத்து, தொட்டால் சில்லென்று இருக்கிறதா?

கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரோடு ஒப்பிடும் சோதனையைக் கேளுங்கள். விகிதம் 0.90 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அடைப்பு என்று கொள்வார்கள். சர்க்கரைக்காரர்கள் சிலருக்குக் குழாய் இறுகிப்போய் 1.40க்கு மேலே காட்டி ஏமாற்றும். அப்போது கால் பெருவிரலில் அளக்க வேண்டும். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்குத் தனிப் பிரிவே உண்டு. இதயத்தையும் பார்த்துவிடுங்கள், இந்தக் கொழுப்பு காலோடு நிற்பதில்லை.

பீடியைக் குறைப்பதெல்லாம் பேச்சுக்கு. விட்டே ஆக வேண்டும். டாக்டர் சரி என்றால் நடையை விடக் கூடாது: வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதும் சிகிச்சைதான். படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண், கறுத்த விரல் என்றால் அன்றைக்கே போங்கள். திடீரென்று கால் வெளுத்துச் சில்லிட்டு மரத்தால் உடனே 108.