அவளை அடித்தால் கேம் என்ன தருகிறது? – கேள்வி பதில்

கேம் கேரக்டர்களுக்கு அனிமேஷன் செய்வது என் வேலை. இருப்பது லாஸ்பேட்டை. வீடியோ கேம்களில் பெண்களை நடத்துகிற விதம் பற்றிப் புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்து வந்த கேள்விகள் இவை.

பையன் பத்தாவது படிக்கிறான். ஜிடிஏ வைஸ் சிட்டியில் ஒரு பெண்ணைக் கொன்று காசு எடுக்கிறான். பார்த்ததும் பகீரென்றது. – ஓர் அம்மா, மஞ்சக்குப்பம்

பதறாமல் இருக்க முடியுமா அக்கா? 2002இல் வந்த கேம் அது. பாலியல் தொழிலாளி ஒருத்தியின் பக்கத்தில் காரை நிறுத்தினால் ஏறிக்கொள்வாள். ஒதுக்குப்புறமாகப் போனால் கார் குலுங்கும், ஆடுகிறவனின் பணம் குறையும், ஹெல்த் (உயிர்ப்பலம்) ஏறும். இறங்கிப் போகிறவளைக் கொன்றால் பணம் தரையில் விழும், எடுத்துக்கொள்ளலாம். கொல்லச் சொல்லி எந்த மிஷனும் இல்லை. தெருவில் யாரை அடித்தாலும் காசு விழும் என்பதும் உண்மைதான். ஆனால் ஆண்களுக்கு அங்கே தாதா, கூட்டாளி, ஹீரோ என்று எத்தனையோ வேடம். அவளுக்கு உடம்பைத் தவிர ஒன்றும் கொடுக்கவில்லை. அவளை அடித்தால் கேம் என்ன தருகிறது, அவளால் திருப்பி என்ன செய்ய முடியும்? எந்த கேமிலும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அமெரிக்க வயது ரேட்டிங்படி அது 17 வயதுக்கு மேல். உங்கள் பையனுக்கு வேண்டவே வேண்டாம். ஆனால் பிடுங்குவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காருங்கள். "இவ யாருடா, எங்க போறா?" என்று கேளுங்கள். பதில் சொல்ல கேமில் ஒன்றுமே இல்லை என்பது அவனுக்கே தெரியவரும்.

ஆண்களையும்தானே நூற்றுக்கணக்கில் சுடுகிறோம்? – கல்லூரி மாணவர், முத்தியால்பேட்டை

சுடுகிறோம் தம்பி, அவர்களும் திருப்பிச் சுடுகிறார்கள். 2018இல் வந்த ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2 என்ற கேமில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டுத் தெருவில் நிற்கிற ஒருத்தி உண்டு. அவளைக் கட்டி முதலைக்குப் போட்டு வீடியோ ஏற்றினார்கள், லட்சக்கணக்கில் பார்த்தார்கள். ஓட்டுரிமை கேட்டாள் என்பதுதான் அங்கே வேடிக்கை. அது வெறும் சுடுதல் இல்லை.

பெண் ஹீரோ வைத்தால் செலவு அதிகமாமே? – வில்லியனூர்

என் துறை என்பதால் கொஞ்சம் கோபத்தோடு சொல்கிறேன். 2014இல் அசாசின்ஸ் கிரீட் யூனிட்டி என்ற கேமுக்கு அதைச் செய்த யூபிசாஃப்ட் கம்பெனி சொன்ன சாக்கு இது. அங்கேயே முன்பு வேலை பார்த்த ஓர் அனிமேட்டர், ஓரிரு நாள் வேலைதான் என்று மறுத்தார். கேரக்டரை அசைக்க உள்ளே வைக்கிற எலும்புக்கூடு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றேதான், பெரும்பாலான அசைவுகளை அப்படியே எடுத்து மாற்றிக்கொள்ளலாம். நடை, நிற்கிற விதம் மாதிரி சிலதைத்தான் புதிதாகச் செய்ய வேண்டும். 2018இல் அதே வரிசையில் கசாண்ட்ரா ஹீரோவாக வந்தாள். நம் நாட்டில் புனேக்காரர்கள் செய்த ராஜி (2020) தம்பியைத் தேடிப் போகிற ஒரு சர்க்கஸ் பெண்ணின் கதை. சின்ன டீம்தான், முடிந்ததே!

இதையெல்லாம் ஆடினால் பெண்களை அடிக்கத் தோன்றுமா? – ஆசிரியர், நெல்லிக்குப்பம்

அப்படி நேரடியாக முடிச்சுப் போட முடியாது சார். 2015இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்று மூன்று வருடம் பின்தொடர்ந்தும், கேம் ஆடுவதற்கும் பெண்களைத் தாழ்வாக நினைப்பதற்கும் தொடர்பைக் காணவில்லை. அடிப்பதை அது அளக்கவில்லை. அதனால் விமர்சிக்கக் கூடாது என்று ஆகிவிடாது.

பிஜிஎம்ஐயில் (போனில் பலர் சேர்ந்து ஆடும் துப்பாக்கிச் சண்டை கேம்) மைக் ஆன் செய்து பேசினாலே அசிங்கமாகப் பேசுகிறார்கள் அக்கா. – பிளஸ் டூ மாணவி, திருப்பாதிரிப்புலியூர்

உன் மேல் ஒரு தப்பும் இல்லை பாப்பா. ஸ்கிரீன் ரெக்கார்டிங்கை ஆன் செய், குரலும் பதிவாகிறதா என்று பார். பிறகு மியூட், ரிப்போர்ட். பதில் திட்டு வேண்டாம், ரிப்போர்ட் உன் மேலேயே திரும்பும். வெளியே வந்தும் மெசேஜ், மிரட்டல் என்று தொடர்ந்தால் எதையும் அழிக்காதே, வீட்டில் சொல்லு. தேசிய சைபர் க்ரைம் போர்ட்டலில் பெண்கள், குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. உதவி எண் 1930. வீட்டில் போனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்தால் இந்தப் பதிலை அவர்களிடம் காட்டு.