போக்கிமான் கோ விளையாட்டில் விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருக்கு, லாபம் யாருக்கு?

நிஜ இடங்களில் நடந்து திரிந்து, கைபேசித் திரையில் கற்பனை உயிரினங்களைப் பிடிக்கும் விளையாட்டு இது. விபத்து நேர்ந்தால் பெரும்பாலும் பொறுப்பு ஆடுபவருக்குத்தான். இதை உருவாக்கிய நயான்டிக் நிறுவனத்தின் பயன்பாட்டு விதிகளே ஆபத்தை ஆட்டக்காரர் தலையில் சுமத்தின. 2016 ஆகஸ்டில் ஜப்பானின் டோகுஷிமாவில், விளையாடிக்கொண்டே வண்டி ஓட்டியவர் மோதி ஒரு பெண் இறந்தார். சிறைக்குப் போனவர் ஓட்டுநர்தான். வேகமாக நகர்ந்தால் திரையில் ஓர் எச்சரிக்கை வரும்; 'நான் பயணி' என்று தொட்டால் மறைந்துவிடும். இதைப் பாதுகாப்பு ஏற்பாடு என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

விளையாடாதவர்களின் நிலைமை இன்னும் மோசம். அனுமதியே கேட்காமல் வீடுகளையொட்டி போக்கிஸ்டாப்புகள், அதாவது ஆட்டத்துக்கான பொருட்களைச் சேகரிக்க ஆடுபவர்கள் நேரில் வரவேண்டிய இடங்கள், அமைந்தன. முன்பின் தெரியாதவர்கள் கூடினார்கள், வேலி தாண்டினார்கள். வாஷிங்டனில் உள்ள யூத இனப்படுகொலை நினைவு அருங்காட்சியகமே, இங்கே விளையாடாதீர்கள் என்று வேண்டிக்கொள்ள நேர்ந்தது. அமெரிக்க வீட்டு உரிமையாளர்கள் தொடுத்த வழக்கு 2019-இல் சமரசத்தில் முடிந்தது. தனி வீட்டுக்காரர் புகார் தந்தால் 15 நாட்களுக்குள் தீர்க்க முயல வேண்டும், வீட்டிலிருந்து 40 மீட்டருக்குள் இருக்கும் விளையாட்டு இடத்தை நீக்க வேண்டும் என்பவை அதில் முக்கியமானவை. தொல்லைப்பட்ட வீட்டுக்காரர்கள் அனைவருக்கும் இழப்பீடு கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆற்றாமை.

லாபம் மூன்று கைகளுக்குப் போனது: நயான்டிக், போக்கிமான் கம்பெனி, ஆப் விற்பனைத் தளங்கள். போக்கிமான் கம்பெனியில் பங்கு வைத்திருக்கும் ஜப்பானிய விளையாட்டு நிறுவனமான நிண்டெண்டோவுக்கு இதில் மறைமுகப் பங்குதான். அதை அந்நிறுவனமே சொன்னதும் 2016 ஜூலையில் அதன் பங்கு விலை ஒரே நாளில் ஏறத்தாழ 18 சதவீதம் சரிந்தது. ஜப்பானில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் விளையாட்டுத் தலங்களானதுபோல், ஆட்களை வரவழைக்கக் கடைகள் தரும் கட்டணமும் உண்டு. 2025-இல் நயான்டிக்கின் விளையாட்டுப் பிரிவை ஸ்கோப்லி என்ற விளையாட்டு நிறுவனம் 350 கோடி டாலருக்கு வாங்கியது.