ஓடிப்போன துரைமார்

கேள்வி: அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குப் படை தென் கரோலினாவின் கரையோரத் தீவுகளைப் பிடித்து, ஓடிப்போன துரைமாரின் பருத்தித் தோட்டங்களை இராணுவ நிர்வாகத்தில் நடத்தியதாமே? நம் தோட்டங்களையும் ஒரு ஜெனரலிடம் கொடுத்தால் ஒழுங்கு வராதா? அங்கே இராணுவ ஆளுநராக இருந்த சாக்ஸ்டன் எப்படிப்பட்டவர்?
– வாசகர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: ஒழுங்கைப் பிறகு பார்ப்போம். 'ஓடிப்போன துரைமார்' என்று எழுதினீர்களே, நான் அங்கேயே நின்றுவிட்டேன். நம் இலங்கை மலையகத்தில் எந்தத் துரை ஐயா ஓடினார்? கோப்பியை நோய் தின்றது, தேயிலைக்கு மாறினார்கள். 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசு எடுத்தது, பங்களாவுக்குள் வேறொரு துரை வந்தார். 1992இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது, துரை மட்டும் மாறவில்லை.

ஒருநாள் காலையில் நிஜமாகவே ஓடிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு ஆள் கூடும் பெரட்டுக் களத்தில் ஆட்கள் நிற்பார்கள். பெயர் கூப்பிட வேண்டிய கணக்கப்பிள்ளை, யாரிடம் திட்டு வாங்குவது என்று தெரியாமல் திகைத்து நிற்பார். மத்தியானத்துக்குள் மூன்று தொழிற்சங்கங்கள், துரையை விரட்டியது தாங்களே என்று சுவரொட்டி ஒட்டும். நான்காவது சங்கம், தன்னிடம் சொல்லாமல் ஓடியதைக் கண்டித்து, அவர் திரும்பி வரும்வரை வேலைநிறுத்தம் என்று அறிவிக்கும். இத்தனை அமளியிலும் அந்தியில் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிப்பது மட்டும் ஒரு நாளும் தவறாது. இந்தத் தராசைப் பற்றி இன்னும் எத்தனை இதழில் எழுதப் போகிறீர் என்று கேட்கிறார்கள். கழிப்பதை நிறுத்தட்டும், நானும் நிறுத்துகிறேன்.

தென் கரோலினாவில் மெய்யாகவே ஓடினார்கள். 1861 நவம்பர் 7 அன்று போர்ட் ரோயல் வாயிலில் இருந்த இரண்டு கோட்டைகளை வடக்குக் கடற்படை சுட்டு அடக்கியது. முதலாளிமார் கிடைத்ததை அள்ளிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனார்கள். அடிமைகள் சுமார் 10,000 பேர் அங்கேயே தங்கிவிட்டார்கள். பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். சோளமும் கிழங்கும் நட்டார்கள். அவர்களுக்கு எந்த நிர்வாகம் வேண்டும் என்பது அதிலேயே தெரிந்துவிட்டது.

வந்த நிர்வாகமோ மறுபடி பருத்தி நடச் சொன்னது. நிதித் திணைக்களத்தின் முகவர்கள் இருந்த பஞ்சை அள்ளினார்கள். வடக்கிலிருந்து ஆசிரியர்கள் வேதப் புத்தகமும் அரிச்சுவடியுமாக வந்து இறங்கினார்கள். சம்பளம் மாதக்கணக்கில் பிந்தியது. வடக்குப் படையின் ஜெனரல் ஹன்டர் 1862 மே 9 அன்று எல்லோருக்கும் விடுதலை என்று ஆணை போட்டார். மூன்றே நாளில் அதே ஹன்டரின் சிப்பாய்கள் தோட்டங்களுக்குள் புகுந்து ஆண்களைப் பட்டாளத்துக்கு இழுத்துப் போனார்கள். மே 19இல் லிங்கன் அந்த ஆணையை ரத்துச் செய்தார். நீங்கள் கேட்கும் ஒழுங்கு இதுதான்.

1863 மார்ச்சில், வரி கட்டாத முதலாளிமாரின் நிலம் ஏலத்துக்கு வந்தது. விடுதலையானவர்கள் காசைச் சேர்த்து ஏறக்குறைய 2,000 ஏக்கர் வாங்கினார்கள். தோட்டங்களை மேற்பார்வை செய்ய வந்த ஃபில்பிரிக், பொஸ்டன் நண்பர்களின் பணத்தோடு 11 தோட்டங்களை வாங்கிப் புதுத் துரையானார்.

இங்கே ஒரு பழைய கணக்கைத் தீர்த்துக்கொள்கிறேன். போர்ட் ரோயலில் படையோடு இறங்கியவர் தோமஸ் ஷெர்மன். 1865 ஜனவரி 16 அன்று, விடுதலையான குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை கொடுக்கச் சொன்னவர் வில்லியம் ஷெர்மன். இருவரும் ஒருவரே என்று என்னோடு மல்லுக்கு நின்ற கொழும்பு அறிஞர் இன்னும் சந்தா கட்டவில்லை.

நாற்பது ஏக்கர் என்றால் 6,400 பேர்ச். நமக்கு வீட்டுக்குத் தருவதாகச் சொன்ன 7 பேர்ச் கணக்கில் அதில் 914 வீடு கட்டலாம். மிஞ்சும் 2 பேர்ச்சில் அமைச்சர் பெயரோடு திறப்பு விழாக் கல் நடலாம். கல்லுக்கு அது போதாது என்பார்கள்.

அந்த 40 ஏக்கரும் ஜெனரலின் ஆணையில் கிடைத்தது. ஜனாதிபதி ஜோன்சன் அதே ஆண்டிலேயே பழைய முதலாளிமாருக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிவிட்டார். வரி ஏலத்தில் வாங்கிக் காணி உறுதிப் பத்திரம் வைத்திருந்தவர்களை அப்படி அசைக்க முடியவில்லை. தென்னவர் கப்பலைக் கடத்திக்கொண்டு வந்த முன்னாள் அடிமை ரொபர்ட் ஸ்மோல்ஸ், தன் எஜமான் குடியிருந்த வீட்டையே ஏலத்தில் வாங்கினார். பழைய உரிமையாளர் தரப்பு உச்ச நீதிமன்றம்வரை போயும் வீடு அவருக்கே நின்றது. இங்கே தோட்டக் குடியிருப்பான லயத்தில் நாலு தலைமுறை இருந்தவரிடம் உறுதி கேட்டால், கூரைத் தகரத்தைத்தான் காட்டுவார்.

 

சாக்ஸ்டன் நல்லவர். கொடுத்த காணியைத் திருப்பிப் பிடுங்குவதற்கு முட்டுக்கட்டை போட்டார், 1866 ஜனவரியில் அவரை நீக்கிவிட்டார்கள். அப்படியொரு ஜெனரல் அகப்பட்டால் பொகவந்தலாவைக்கே அனுப்பச் சொல்கிறேன். துப்பாக்கியைக் கொழும்பில் வைத்துவிட்டு, காணிப் பதிவகத்தின் முத்திரையோடு பஸ் ஏறட்டும்.