மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு மதிலும், ஊருக்கு வெளியே செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலத்துக்கு வேலியும் போட அனுமதி வாங்க வேண்டுமா?

மதிலுக்குக் கட்டாயம் வேண்டும். நிலத்து வேலிக்கு, அந்த நிலம் யார் எல்லைக்குள் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆனால் இரண்டுக்கும் முன்னால் எல்லைக் கல்லைத் தேடுங்கள். நான் இதில் பட்டவன்.

தோட்டத்தில் பால்மரம் சீவிச் சேர்த்த பணத்தில் அப்பா இரண்டு ஏக்கர் வாங்கினார். அவரும் பக்கத்து நிலக்காரரும் ஒரு பலா மரத்தை அடையாளமாக வைத்து முள்கம்பி இழுத்தார்கள். கல் எங்கே என்று இருவரும் பார்க்கவில்லை. 22 ஆண்டுகள் ஒரு சச்சரவும் இல்லை. பக்கத்து நிலம் கைமாறியதும் புதியவர் நில அளவையாளரை அழைத்து வந்தார். எங்கள் வேலி அவர் நிலத்துக்குள் ஆறடி போயிருந்தது. "இவ்வளவு காலம் நாங்கள்தானே அனுபவித்தோம்" என்றார் அப்பா. அந்த நியாயம் இங்கே எடுபடாது. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும், உரிமையாளர் நிலத்தை மீட்க வழக்குத் தொடுப்பதை அது தடுக்காது என்று தேசிய நிலச் சட்டத்தின் 341ஆம் பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டு உறவினர்கள் 12 ஆண்டுக் கணக்கு சொல்வார்கள். அது இந்தியச் சட்டம். வேலியோரம் அப்பா நட்ட ஏழு செம்பனைகளும் அந்தத் துண்டோடு போயின. அன்று அவர் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

கல் சேதமாகாமலும் காணாமல் போகாமலும் பார்த்துக்கொள்வது உரிமையாளரின் பொறுப்பு. அதே சட்டத்தின் 114ஆம் பிரிவு அப்படித்தான் விதிக்கிறது. கல்லைக் காணவில்லை என்றால் உடனே நில அலுவலகத்திலோ பெங்ஹுலுவிடமோ (வட்டாரத் தலைவர்) தெரிவியுங்கள். அளவையாளருக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவு அன்று.

இனி மதில். 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் சுவர், வேலி, வாயிற்கதவு எல்லாவற்றையும் 'கட்டடம்' என்றே கணக்கிடுகிறது. 70ஆம் பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துபூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். உங்கள் ஊருக்கு அது கோலகங்சார் நகராண்மைக் கழகம். மதிலின் உயரக் கணக்கைக் கட்டுமானக் குத்தகையாளர் வாயால் கேட்டு முடிவு செய்யாதீர்கள். கழகத்தின் முகப்பிடத்துக்கே போய் எழுத்தில் வாங்குங்கள். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் அவர்களிடம் ஒப்புதல் கடிதம் வாங்கிவிடுங்கள். வீட்டுக்கு முன்னால் ஓடும் கால்வாயைத் தாண்டிக் கட்டவே வேண்டாம். அது சாலை ஒதுக்கீட்டு நிலமாக இருக்கும்.

செம்பனை நிலம் ஊராட்சி மன்ற எல்லைக்குள் இருந்தால் அங்கும் இதே சட்டம்தான். ஆற்றோரம் என்றால் ஆற்று ஒதுக்கீட்டு நிலத்தை விட்டு உள்ளே தள்ளிப் போடுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். காட்டுப் பன்றிக்காக வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் பாய்ச்சாதீர்கள். விடியுமுன் பழம் பொறுக்க வருகிறவர் நம் வீட்டு ஆளாகவே இருக்கலாம். மின்வேலிதான் வேண்டும் என்றால் முதலில் எரிசக்தி ஆணையத்திடம் கேளுங்கள்.

திங்கட்கிழமை கிராண்டின் (நிலப் பட்டா) நகலை எடுத்துக்கொண்டு முதலில் நில அலுவலகத்துக்குப் போங்கள், பிறகு நகராண்மைக் கழகத்துக்கு.