மென்படலத்தில் காந்தச் சுழிகள் தெரியாமல் போவது ஏன்?

உப்புவெளியில் இருந்து ஓர் ஆய்வு மாணவி கேட்கிறார்: "பிளாற்றினமும் கோபாற்றும் மாறிமாறி அடுக்கிய மென்படலத்தில் ஸ்கர்மியன்கள் என்னும் மிகச் சிறிய காந்தச் சுழிகள் இருக்கவேண்டும். ஊடுருவு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் படமெடுக்கக் கொடுத்தேன். பளிங்கு மணிகள் அழகாகத் தெரிகின்றன. காந்தச் சுழிகள் ஒன்றுமே இல்லை. படலம் பழுதா?"

படலத்தை எறிந்துவிடாதீர்கள். படமெடுத்தவரிடம் முதலில் கேளுங்கள்: பொருள்வில்லை, அதாவது மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கும் முதன்மைக் காந்தவில்லை, போட்டிருந்ததா, நிறுத்தியிருந்ததா? வழக்கமாக அந்த வில்லை மாதிரி இருக்கும் இடத்தில் 2 தெசுலா அளவுக்குப் புலம் தரும். அவ்வளவு புலத்தில் கோபாற்று முழுவதும் ஒரே திசைக்குத் திரும்பிவிடும். பார்க்கமுன்னரே சுழிகள் அழிந்துவிடும். அதை நிறுத்தி, லோரன்ஸ் முறையில், அதாவது காந்தம் இலத்திரனை வளைப்பதை வைத்துப் படமெடுக்கும் முறையில், எடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் குவியம். காந்தம் இலத்திரனை வளைப்பது மிகச் சொற்பம். 200 கிலோவோல்ற்றில், 50 நனோமீற்றர் தடிப்பும் 1 தெசுலாவும் உள்ள படலத்தில் 30 மைக்ரோ ஆரையன்தான். சரியாகக் குவித்தால் இந்த விலகல் படத்தில் வராது. நிலாவெளியில் முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்து பாருங்கள். வெயில் அலையில் வளைந்து, அடிமணலில் வெளிச்சக் கோடுகளாக ஆடும். அந்தக் கோடுகள் நீரின் மேற்பரப்பில் இல்லை. கொஞ்சம் கீழே போனபிறகுதான் கதிர்கள் சேர்ந்து கோடாகின்றன. இலத்திரனுக்கும் அப்படித்தான். வேண்டுமென்றே குவியத்தை விலக்குங்கள். உங்கள் படலத்துக்குச் சில மில்லிமீற்றர்கூடத் தேவைப்படும்.

உங்களைப் பெரும்பாலும் ஏமாற்றியது சாய்வுதான் என்று நினைக்கிறேன். 2010இல் யப்பானில் இயற்பியலாளர் டோக்குராவின் குழுவினர் இரும்பு, கோபாற்று, சிலிக்கன் சேர்ந்த படலத்தில் ஸ்கர்மியன்களை நேரடியாகப் படம்பிடித்தபோது சாய்க்கத் தேவைப்படவில்லை. அவை புளொக் வகை: காந்தத் திசை மையத்தைச் சுற்றிச் சுழலும். பிளாற்றினமும் கோபாற்றும் தொடும் எல்லையில் உருவாவது நீல் வகை: காந்தத் திசை மையத்தை நோக்கியோ வெளிநோக்கியோ சாயும். நேர்மேலிருந்து வரும் இலத்திரனுக்கு அதன் விளைவு, வெளியே கசியும் புலத்தோடு கழிந்து பூச்சியமாகிவிடும். மாதிரியை 20, 30 பாகை சாய்த்து ஒரு படம், எதிர்ப்பக்கம் அதேயளவு சாய்த்து இன்னொன்று எடுங்கள். கறுப்பும் வெள்ளையும் இடம் மாறினால் அது காந்தம்.

சரி, சாய்த்தும் புழுப்போல நெளியும் கோடுகள் மட்டும் தெரிந்தால்? நல்ல அறிகுறி. நிறுத்தியிருந்த பொருள்வில்லையைப் போட்டு, அதன் புலத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். இப்போது அதுவே உங்களுக்குப் புலம் தரும் கருவி. கோடுகள் சுருங்கிப் புள்ளிகளாகும் கட்டத்தில் நிறுத்திப் படமெடுங்கள்.

அடுத்த முறை படலம் போடும்போது, சிலிக்கன் தட்டோடு இலத்திரன் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய ஒரு சிலிக்கன் நைத்திரைட்டு மென்சன்னலையும் சேர்த்து உள்ளே வையுங்கள். அதில் படிந்ததைச் செதுக்காமலே பார்க்கலாம். தட்டில் உள்ளதை அயன் கற்றையால் செதுக்கி மெலிதாக்கப் போனால் அடுக்குகளின் எல்லைகள் கலந்து கெட்டுவிடலாம். உங்கள் சுழிகள் உருவாவதே அந்த எல்லைகளால்தான்.