குழந்தை பிறந்து இரண்டரை மாதம் ஆகிறது. மனைவி அழுதுகொண்டே இருக்கிறாள், குழந்தையைத் தூக்க மறுக்கிறாள். அரசு மருத்துவமனையில் இதற்கெல்லாம் வைத்தியம் உண்டா?

உண்டு தம்பி. காசும் வேண்டாம். இது பிரசவத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வாக இருக்கலாம்.

உங்கள் மனைவி தாய்வீட்டில் இருப்பார், "எல்லாரும்தான் பிள்ளை பெத்தாங்க" என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் அதைச் சொன்னவள்தான், அதுவும் பெற்ற மகளிடம். அதனால் மாமியார் கொடுமை என்று யாரும் எழுத வராதீர்கள்.

நான் 28 வருடம் அங்கன்வாடிப் பணியாளர். 2019ல் என் மகள் முதல் பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை, 2 கிலோ 900. பிரசவமான மூன்றாம் நாள், நான்காம் நாள் தாய் காரணமில்லாமல் அழுவது சகஜம், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இவளுக்கு அடங்கவில்லை. அப்புறம் அழுகை போய் ஒரு மாதிரி மரத்துப்போனாள். குழந்தையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பால் கொடுப்பாள், பார்வை சுவரில் இருக்கும். தோஷம் என்றார்கள், மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஆமாம், நானும்தான் கட்டினேன்.

குழந்தை அழவே அழாது. பாயில் போட்டால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். வந்தவர்கள் எல்லாம் "என்ன சமத்து" என்றார்கள், எனக்கும் பெருமையாக இருந்தது. இரண்டு மாதத்தில் முகம் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று ஊரில் எத்தனை தாய்மாருக்குச் சொல்லியிருப்பேன்! என் வீட்டுப் பாயில் கிடந்தது சிரிக்காதது என் கண்ணில் படவில்லை.

பதினான்காவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது எடை 4 கிலோ 400. முந்தைய ஊசியின்போது 4 கிலோ 300. ஒரு மாதத்தில் வெறும் நூறு கிராம். அட்டையில் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, அதாவது எடைக் குறைவுக்கு, இறங்கிவிட்டது. நான் சத்துமாவு, மீன் குழம்பு என்று பேச ஆரம்பித்தேன். கிராம சுகாதார செவிலியர் என்னைப் பார்க்கக்கூட இல்லை. மகளிடம், "நீ எப்படிம்மா இருக்க, தூங்குறியா?" என்று கேட்டார். மூன்று மாதமாக அவளிடம் யாருமே கேட்காத கேள்வி. அங்கேயே உடைந்து அழுதாள்.

அவர் சீட்டு எழுதி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பினார். மனநலப் பிரிவு என்றதும் சீட்டுப் போடுகிறவர், "யாருக்கு, பாட்டிக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். எரிச்சலாக வந்தது, பொறுத்துக்கொண்டேன். உள்ளே ஒரு தாள் கொடுத்தார்கள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தாய் என்று பத்துக் கேள்விகள். பத்தாவது, தனக்குத் தானே கேடு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மகள் அந்த இடத்தில் பேனாவை வெகுநேரம் வைத்திருந்தாள். பிறகு "எப்போதாவது" என்பதில் குறி போட்டாள். நான் பின்னால் நின்று பார்த்தேன்.

பால் கொடுக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு அதற்கேற்ற மாத்திரைதான் கொடுத்தார் டாக்டர். குழந்தையை அதே வளாகத்தில், வளர்ச்சியில் பின்தங்கும் குழந்தைகளைப் பார்க்கும் ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்பினார்கள். 2013ல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் மாவட்டந்தோறும் அமைத்தது, பலர் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். அங்கிருந்த உளவியலாளர் சொன்னதை மறக்க முடியாது: குழந்தை சிரித்தும் சத்தம் கொடுத்தும் கூப்பிட்டுப் பார்க்குமாம், பதில் வராவிட்டால் கொஞ்ச நாளில் கூப்பிடுவதையே விட்டுவிடுமாம். எங்கள் சமத்துக் குழந்தை விட்டுவிட்டிருந்தது.

மடியில் ஒரு சாண் தூரத்தில் முகம் காட்டிப் பேசு, அது "ங்கா" என்றால் நீயும் சொல், சொல்லிவிட்டுக் காத்திரு என்று கற்றுக்கொடுத்தார்கள். முதலில் மகளுக்கு வெட்கம். நாலைந்து முறை போனோம். மூன்றாம் முறையோ என்னவோ, குழந்தை அவளைப் பார்த்து வாயைக் கோணியது. அது சிரிப்பா என்று நாங்கள் சண்டை போட்டுக்கொண்டோம்.

எல்லோருக்கும் இப்படி நல்லபடி முடியும் என்று சொல்லவில்லை, நான் டாக்டரும் இல்லை. மாத்திரையைப் பாதியில் நிறுத்தி ஒரு தடவை நாங்களும் பட்டோம்.

சேர்த்துவிட்டால் குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயந்தால், 2017 மனநலச் சட்டப்படி மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கும் வார்டே இருக்கிறது. நம் பக்கம் அப்படி மாவட்டத்துக்கு ஒன்று வேண்டும் என்று கேட்க ஆளில்லை.

சொல்ல வேண்டாம் என்று பார்த்தேன், வந்துவிட்டது. என் கடைசி வருடத்தில் போஷன் டிராக்கர் என்று செயலியைக் கொடுத்து எடை, உயரம், வருகை எல்லாம் ஏற்றச் சொன்னார்கள். சிக்னலுக்கு மாடி ஏறி ஏற்றினேன். தாய் தூங்குகிறாளா என்று பதிய ஒரு கட்டம் கிடையாது. 2022ல் ஓய்வு பெற்றபோது சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய். சரி, அதை விடுங்கள்.

இன்று இரவே பேச வேண்டுமென்றால் 14416, டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். சாகலாம் போலிருக்கிறது என்றோ, சம்பந்தமில்லாத பேச்சு, குரல் கேட்கிறது என்றோ சொன்னால் விடியக் காத்திருக்காதீர்கள், அவசரப் பிரிவுக்கே கூட்டிப்போங்கள். அப்படி இல்லையென்றால் காலை ஏழரைக்கே சீட்டு வாங்கிவிடுங்கள். குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள், தடுப்பூசி அட்டையை மறக்க வேண்டாம், எடையைக் கேட்பார்கள்.