டிரைவ்வே விரிசலில் ஊற்றிய ஃபில்லர் பெயர்ந்து வந்தால்

வீட்டு முன் கார் ஏறும் தார்ப் பாதையில் (டிரைவ்வே) விரிசலை அடைக்க ஊற்றிய ஃபில்லர் கலவை பெயர்ந்து வருகிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஃபில்லர் மேலேயே மறுபடி ஊற்றாதீர்கள். முழுக்கச் சுரண்டி எடுத்துவிடுங்கள். டொரொன்டோவில் அக்டோபர் கடைசியில், மழைக்கு மறுநாள் ஊற்றியதாக எழுதியிருக்கிறீர்கள். விரிசலுக்குள் ஈரம் இருந்திருக்கும், அதனால்தான் பிடிக்கவில்லை. குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரிந்து மிச்சத்தையும் கிளப்பியிருக்கும்.

ஜூனில், 10 டிகிரி செல்சியஸுக்கு மேல், மழையில்லாத இரண்டு நாளாகப் பாருங்கள். புல்லை வேரோடு பிடுங்கி, கம்பி பிரஷால் தேய்த்து, தூசியை ஊதி எடுங்கள். இதில் அவசரமே வேண்டாம், வேலையில் முக்கால்வாசி இதுதான். பிறகு ஃபில்லரை ஊற்றுங்கள். விரிசல் அரை அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் கோல்டு பேட்ச் (சூடாக்காமலே போடும் தார்-ஜல்லிக் கலவை) போட்டு இடித்து இறுக்குங்கள்.

அப்புறம், கார் ஏறும்போது அந்த இடம் அமுங்குகிறதா என்று பாருங்கள். அமுங்கினால், அல்லது முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருந்தால், அடியில் உள்ள ஜல்லியே தளர்ந்திருக்கும். அங்கே ஃபில்லர் நிற்காது. வெட்டியெடுத்துத்தான் புதிதாகப் போட வேண்டும்.